15 பிஎஸ்ஐ தானே, எந்தக் குழாய் போட்டால் என்ன?

உங்கள் கேள்வி இதுதான். 2001 மாடல் டாட்ஜ் ராம் 2500 பிக்கப், 24 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜின், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் பக்கம் ஓடுகிறது. லிஃப்ட் பம்ப், அதாவது டேங்கிலிருந்து டீசலை இன்ஜின் பக்கம் அனுப்பும் பம்ப், உயிரை விட்டுவிட்டது. அதைச் சாக்காக வைத்து டேங்கிலிருந்து இன்ஜின் வரை எல்லாவற்றையும் அரை அங்குல லைனாக மாற்றிவிடலாம், வேலையையும் நீங்களே செய்துவிடலாம் என்று முடிவு. ஹார்டுவேர் கடையில் தாமிரக் குழாய்ச் சுருள் ஒன்று, ஜி.ஐ. நிப்பிள்கள், எல்போக்கள், இருபது அடி ரப்பர் ஹோஸ், ஒரு டப்பா கிளிப், டெஃப்லான் டேப் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. "மொத்தமே 15 பிஎஸ்ஐ தானே, இதெல்லாம் தாங்காதா?" என்கிறீர்கள்.

தாங்கும். கார் டயரில் அதைவிட இரண்டு மடங்கு காற்று இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ்கூட 15 பிஎஸ்ஐயைத் தாங்கும். ஆனால் இந்த வேலையில் அழுத்தம் எதிரியே இல்லை. டீசல் அந்தப் பொருளை நாலைந்து வருஷத்தில் என்ன செய்கிறது, அந்தப் பொருள் டீசலுக்குள் எதைக் கரைத்து விடுகிறது, பம்புக்கு முன்னால் எங்காவது காற்று உள்ளே நுழைகிறதா, இந்த மூன்றும்தான் விஷயம். அப்படிப் பார்த்தால் நீங்கள் வாங்கியதில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

முதலில் இந்த வண்டியில் லிஃப்ட் பம்ப் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த ராம் கம்மின்ஸில் இருப்பது பாஷ் விபி44 இன்ஜெக்ஷன் பம்ப்; லிஃப்ட் பம்ப் கொடுக்கும் டீசலை வாங்கி, உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்புவது இதுதான். அதன் தலையிலேயே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பம்புக்கு மசகும் டீசல்தான், அந்த எலெக்ட்ரானிக்ஸுக்குக் குளிர்ச்சியும் டீசல்தான். எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான டீசல் உள்ளே போய், சூட்டை எடுத்துக்கொண்டு, ரிட்டர்ன் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். லிஃப்ட் பம்ப் தளர்ந்தாலும் வண்டி ஓடும். அதில்தான் ஏமாந்து போகிறோம். ஓடிக்கொண்டே விபி44 உள்ளே தேய்ந்து, ஒரு நாள் பி0216 என்று பழுதுக் குறியீடு காட்டும். அதற்குப் பிறகு செலவு நான்கு இலக்கத்தில். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு: ஐடிலில் 15 பிஎஸ்ஐ பக்கம், முழு லோடில் மேடு ஏறும்போதும் 10க்குக் கீழே இறங்கக் கூடாது. நானும் விஸ்கான்சினில் இதே வண்டியின் 1999 மாடலை வைத்திருக்கிறேன், இதே கணக்கில்தான் ஓட்டுகிறேன்.

கம்பெனியில் வந்த லிஃப்ட் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருந்தது. அதாவது அவ்வளவு தூரத்திலிருந்து டீசலை உறிஞ்ச வேண்டும். பம்புக்குத் தள்ளத்தான் நன்றாகத் தெரியும், உறிஞ்சத் தெரியாது. அதனால்தான் இப்போது மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஃபிரேமில், டேங்குக்குப் பக்கத்தில் பம்பை மாட்டுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அரை அங்குலம் சரியான முடிவு. குழாயின் உள் விட்டம் 3/8 அங்குலத்திலிருந்து 1/2 ஆனால் பார்க்க ஏதோ கொஞ்சம் பெரிதானதுபோல் இருக்கும். ஆனால் ஓட்டத்துக்கான தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் போகிறது. கணக்குப் போட்டால் தடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இந்த லாபத்தை ஒரு பேஞ்சோ போல்ட்டிலோ (நடுத்துளை வழியாக டீசல் ஓடும் போல்ட்), உள்ளே துளை சிறுத்த எல்போவிலோ தொலைத்துவிடுவதும் சுலபம். அரை அங்குல லைன் முழுக்கப் போட்டுவிட்டுக் கடைசியில் பழைய பேஞ்சோவிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். அந்தத் துளையைப் பார்த்தால் பென்சில்கூட நுழையாது.

சரி, பொருளுக்கு வருவோம். மினசோட்டாவில் இருக்கிறீர்கள் என்பதால் இரண்டு விஷயம் உங்கள் தலையில் விழுகிறது. ஒன்று, 2018 மே மாதத்திலிருந்து அந்த மாநிலத்தில் கோடைக் காலத்தில் விற்கும் சாதாரண டீசலில் 20 சதவீதம் பயோடீசல். குளிர்காலத்தில் 5 சதவீதம். அதாவது பி20, பி5. நீங்கள் பயோடீசல் வேண்டும் என்று கேட்டு வாங்குவதில்லை, அதுவாக வருகிறது. மற்ற மாநிலங்களிலும் 5 சதவீதம் வரை கலந்திருந்தால் டீசல் பங்கில் தனியாக எழுதி ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவது, ரோட்டில் கொட்டும் உப்பும் மைனஸ் முப்பது குளிரும். டெக்சாஸில் ஓடும் வண்டிக்கு யாரோ எழுதிய சாமான் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தாமிரக் குழாயை முதலில் ஒதுக்குங்கள். வளைக்கச் சுலபம், கையிலேயே வளையும், பார்க்கவும் அழகு. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் தாமிரம், பித்தளை, வெண்கலம், ஈயம், தகரம், துத்தநாகம் ஆகியவை டீசல் ஆக்ஸிஜனேற்றம் அடைவதை வேகப்படுத்துகின்றன, பயோடீசலில் இன்னும் மோசம். எரிபொருள் கெட்டு, பிசினும் படிவும் உண்டாகி, ஃபில்டரை அடைக்கும். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் வெளியிட்ட பயோடீசல் கையேட்டில் இந்த உலோகங்களைத் தவிர்க்கச் சொல்லி, எஃகு, ஸ்டெயின்லெஸ், அலுமினியத்தைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். தினமும் ஓடி டேங்க் காலியாகிற வண்டியில் ஒரு சின்னப் பித்தளை அடாப்டரால் ஒன்றும் குடி முழுகாது. பேஞ்சோவுக்கு வைக்கும் தாமிர வாஷரும் அப்படித்தான். ஆனால் உங்கள் வண்டி பனிக்காலத்தில் ஒரு மாதம் நின்றபடி கிடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து அடி தாமிரத்துக்குள் அதே டீசல் ஒரு மாதம் ஊறினால் கதை வேறு. அதோடு தாமிரம் அதிர்வில் கடினப்பட்டு, ஃபிளேர் செய்த, அதாவது முனையைக் கூம்பாக விரித்த, கழுத்தில் கீறல் விடும். பிரேக் லைனுக்குப் போடும் நிக்கல்-தாமிரக் குழாய் இந்தக் கீறல் விஷயத்தில் எவ்வளவோ மேல், உப்பிலும் துருப்பிடிக்காது. ஆனால் அதிலும் 90 சதவீதம் தாமிரம்தான். பிரேக்குக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், பி20 ஓடும் வண்டியில் டீசலுக்குப் போட மாட்டேன்.

ஜி.ஐ. நிப்பிள் இதைவிட மோசம். ஜி.ஐ. என்றாலே இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு, உள்ளேயும் வெளியேயும் தடிமனாக. டீசலில் இருக்கும் அமிலத்தன்மையில் துத்தநாகம் கரைந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகிறது; அது இன்ஜெக்டர் முனையில் போய்ப் படிகிறது. ஊரில் பண்ணை டீசல் டேங்குக்கு ஜி.ஐ. பைப் போட்டு வைத்திருக்கிறார்களே என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறார்கள்தான், அந்த டிராக்டர்களின் இன்ஜெக்டர் எத்தனை தடவை கழன்றது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அப்படியானால் ஹைட்ராலிக் கடையில் விற்கும் எஃகு ஃபிட்டிங்கிலும் துத்தநாக முலாம் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் அது சில மைக்ரான் மெல்லிய முலாம். ஜி.ஐ. பைப்பில் அதைப்போலப் பல மடங்கு. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் பாகத்துக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியம் போட்டுக்கொண்டு, வெளியே முலாம் பூசிய எஃகு ஃபிட்டிங்கையே நான் பயன்படுத்துகிறேன்.

பளபளவென்று சிவப்பு, நீலம் பூசிய அலுமினிய ரேஸ் ஃபிட்டிங்குகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டீசலுக்கு அலுமினியம் நல்லதே. ஆனால் அதை வண்டிக்கு அடியில், எஃகு அடாப்டரோடு மாட்டி, மேலே உப்புத் தண்ணீர் தெளித்தால் இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி ஆகிவிடும். மூன்றாவது வருஷம் கழற்றப் போனால் மரை வெள்ளை மாவாக உதிரும். அந்த ஃபிட்டிங் ரேஸ் முடிந்ததும் துடைத்து ஷெட்டுக்குள் நிறுத்துகிற வண்டிக்கு. உங்கள் வண்டிக்கு இன்ஜின் பக்கம் வேண்டுமானால் போடுங்கள், ஃபிரேமுக்குக் கீழே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் போடுவதாக இருந்தால் மரைக்கு ஆன்ட்டி-சீஸ் பசை தடவாமல் முறுக்காதீர்கள்; ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மரை பற்றிச் சொல்லும்போது, இந்த வேலையில் வீட்டில் செய்கிறவர்கள் அதிகமாக விழும் குழி ஒன்று இருக்கிறது. ஹைட்ராலிக் லைன்களில் வரும் ஜேஐசி வகை ஃபிட்டிங்கில், அரை அங்குலத்துக்கானதன் (எண் 8 என்பார்கள்) மரை 3/4-16. அதன் கூம்பு 37 டிகிரி. ஹார்டுவேர் கடையில், பிளம்பிங் பக்கத்தில் கிடைக்கும் எஸ்ஏஈ ஃபிளேர் ஃபிட்டிங் அரை அங்குலத்துக்கும் மரை அதே 3/4-16. ஆனால் கூம்பு 45 டிகிரி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வெண்ணெய் மாதிரி ஏறும், நன்றாக இறுகும், இறுகியும் கசியும். கசிகிறதே என்று இன்னும் முறுக்குவீர்கள், கூம்பு நசுங்கும், அப்புறம் சரியான ஜோடியோடு சேர்த்தாலும் சேராது. ஆட்டோ பார்ட்ஸ் கடையில் வாடகைக்குத் தரும் ஃபிளேரிங் கருவி பெரும்பாலும் 45 டிகிரி. குழாய் முனையை அதில் ஃபிளேர் செய்து ஜேஐசியில் மாட்டினாலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, ஓ-ரிங் வைத்து அடைக்கும் நேர் மரை ஃபிட்டிங்கும் எண் 8 என்றால் அதே 3/4-16. பம்பு உடம்பில் இருக்கும் துளை எந்த வகை என்று பார்த்துத்தான் அடாப்டர் வாங்க வேண்டும். விளிம்பில் ஓ-ரிங் உட்காரச் சரிவு வெட்டியிருந்தால் அது ஓ-ரிங் வகை. மரை போகப் போகச் சிறுத்தால் என்பிடி.

டெஃப்லான் டேப்பைத் தண்ணீர் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜேஐசியில் அடைப்பது கூம்பு, மரை இல்லை; அங்கே டேப் சுற்றினால் கெடுதல்தான். என்பிடி மரைக்கு மட்டும் ஏதாவது வேண்டும், அதற்கு டீசல் தாங்கும் பேஸ்ட் வகை சீலன்ட் இருக்கிறது. முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள். டேப்பின் ஒரு நூல் பிய்ந்து ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிற இடத்தில் உள்ளே போனால் நேரே விபி44 வாசலில் போய் நிற்கும்.

இனி ஹோஸ். நீங்கள் வாங்கிய இருபது அடியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். எஸ்ஏஈ ஜே30ஆர்7 என்றிருந்தால் அது நைட்ரைல் ரப்பர் உள்ளுறை, 50 பிஎஸ்ஐக்கானது. ஆர்9 என்றால் உள்ளே ஃபுளோரோ ரப்பர், அதாவது வைட்டான் வகை. ஆர்10 என்றால் டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கலாம். மூழ்க அனுமதி இருப்பது அந்த ஒன்றுக்குத்தான். ஆர்9 விலை அதிகம் என்பதால் அது டேங்குக்குள்ளும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளுறை தாங்கும், வெளித்தோல் தாங்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் தடவை லைன் மாற்றியபோது, டேங்குக்குள் அலுமினியக் குழாயைப் பழைய மாட்யூலோடு (டேங்குக்குள் மூடியோடு சேர்ந்து உட்காரும், டீசல் எடுக்கும் அமைப்பு) சேர்க்க ஒரு சாண் ஆர்7 ஹோஸ் போட்டேன். இரண்டு கோடை நன்றாக ஓடியது. மூன்றாவது பிப்ரவரியில், கால் டேங்க் இருக்கும்போதே, நெடுஞ்சாலையில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. ஃபில்டர் மாற்றினேன், குளிரில் டீசல் உறைந்துவிட்டது என்று நினைத்து மருந்து ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பின் பெட்டியைத் தூக்கி மாட்யூலை வெளியே எடுத்தால், அந்த ஹோஸ் கையில் தொட்டதும் கரி மாதிரி ஒட்டியது. வெளித்தோல் ஊதிப்போய், அழுகின கத்தரிக்காய் போல விரல் உள்ளே போயிற்று. கிளிப் இருந்த இடத்தில் ரப்பர் பிதுங்கி, பக்கத்தில் நகக்கண் அளவு வெடிப்பு. டேங்க் நிறைய இருக்கும்வரை அந்த வெடிப்பு டீசலுக்குள் மூழ்கி இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. டீசல் இறங்கி வெடிப்பு மேலே வந்ததும் காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. ஹோஸின் விலை நாலு டாலர். அதைக் கண்டுபிடிக்கப் பனியில் இரண்டு சனிக்கிழமை.

பம்புக்கு முன்னால் இருக்கும் பகுதிதான் எமன் என்று நான் சொல்வது இதனால்தான். பம்புக்கு அப்புறம் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், தரையில் கறை தெரியும், மூக்குக்கும் தெரியும். முன்னால் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகும், பிரஷர் முள் நடுங்கும், விபி44 நுரையைக் குடித்துத் தேயும். எனவே காசு குறைவாக இருந்தால் டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள முதல் மூன்று அடியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். மிச்சப்படுத்த வேண்டியதைப் பம்பிலிருந்து இன்ஜின் வரை உள்ள தூரத்தில் மிச்சப்படுத்துங்கள்.

அந்த மூன்று அடிக்கு என் தேர்வு: டேங்குக்குள் அரை அங்குல ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினிய டிரா ஸ்ட்ரா, அதாவது டீசலை உறிஞ்சி எடுக்கும் குழாய், ரப்பரே இல்லாமல். கீழ் முனையைச் சாய்வாக வெட்டியிருக்க வேண்டும், டேங்கின் அடித்தளத்திலிருந்து அரை அங்குலம் பக்கம் நிற்க வேண்டும். மேலே மாட்யூல் மூடியிலேயே துளை போட்டு நட்டு வைத்து இறுக்கலாம். டேங்கின் பிளாஸ்டிக்கைத் துளைக்காமல் இருந்தால் நல்லது. டேங்கின் அடியில் ஓட்டை போட்டு சம்ப் (டீசல் வந்து தேங்கும் கிண்ணம்) மாட்டுகிறவர்கள் உண்டு, கடைசிச் சொட்டு வரை எடுக்கலாம் என்று. வளைகிற பாலிஎத்திலீன் சுவரில், வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில், கல்லும் பனிக்கட்டியும் அடிக்கிற இடத்தில் ஒரு கேஸ்கட்டை நம்பி நான் தூங்க மாட்டேன். துளை போடும்போது மூடியை வெளியே எடுத்து வைத்துப் போடுங்கள். பிளாஸ்டிக் துருவல் டேங்குக்குள் விழுந்தால் அதுவும் ஃபில்டருக்குத்தான் போகும்.

ஸ்ட்ராவிலிருந்து பம்புக்கு டெஃப்லான் உள்ளுறை போட்ட ஹோஸ், பிடிஎஃப்இ என்று எழுதியிருக்கும். டீசல், பயோடீசல், குளிர் எதையும் அது மதிக்காது. மூன்று குறை உண்டு. கண்டபடி வளைத்தால் மடிந்துவிடும், மடிந்த ஹோஸ் மடிந்ததுதான். அதற்கென்று உள்ள ஆலிவ் (ஹோஸ் முனையைக் கவ்வும் உலோக வளையம்) வைத்த ஃபிட்டிங் மட்டுமே சேரும், ரப்பர் ஹோஸ் ஃபிட்டிங் சேராது. எரிபொருளுக்கு உள்ளே கரி கலந்த, மின்சாரம் கடத்தும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை உள்ளுறையில் ஓட்டத்தாலேயே நிலைமின்னேற்றம் சேர்ந்து ஊசித்துளை விழ வாய்ப்பிருக்கிறது. வெளியே ஸ்டீல் பின்னல் வேண்டாம், கறுப்பு நைலான் பின்னல் போதும். ஸ்டீல் பின்னல் எதன்மேல் உரசுகிறதோ அதை அரம் மாதிரி அறுக்கும், பின்னலுக்குள் உப்பும் தங்கும்.

பம்பிலிருந்து இன்ஜினுக்குச் செலவு குறைவான நல்ல வழி நைலான் 12 குழாய். இன்றைக்குக் கம்பெனி வண்டிகளிலேயே அதுதான் வருகிறது. துருப்பிடிக்காது, குளிரில் உடையாது. ஃபிரேம் ஓரமாக, சைலென்சரிலிருந்து தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒரு ரப்பர் வைத்த பி-கிளாம்ப் போட்டுக் கொண்டுபோங்கள். பற்களுள்ள முனையில் அழுத்திச் செருகும் புஷ்-லாக் ஹோஸும் போடலாம், பலர் போடுகிறார்கள், கிட்டுகளில் அதுதான் வருகிறது. அதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பயோடீசல் தாங்குமா என்று ஹோஸ் தயாரித்தவரின் அட்டவணையில் பாருங்கள், "எண்ணெய் தாங்கும்" என்று பொதுவாக எழுதியிருப்பது போதாது. இரண்டாவது, புஷ்-லாக் முனையின் மேல் பயத்தில் கிளிப் போடாதீர்கள். அந்தப் பற்கள் கிளிப் இல்லாமல் பிடிக்கத்தான் செய்யப்பட்டவை. மேலே இறுக்கினால் பற்கள் உள்ளுறையை அறுத்துவிடும்.

சாதாரண ஹோஸ் எங்காவது வந்தே தீரும் என்றால், ரிட்டர்ன் லைனில் வருகிறது என்று வையுங்கள், ஓட்டை ஓட்டையாக இருக்கும் வார்ம் கிளிப் வேண்டாம். அந்த ஓட்டை வழியே ரப்பர் பிதுங்கிக் கிழியும். விளிம்பு மடக்கிய இன்ஜெக்ஷன் கிளாம்ப், அல்லது ஸ்பிரிங் வைத்து எப்போதும் ஒரே இறுக்கம் தருவது வாங்குங்கள். மைனஸ் முப்பதில் ரப்பர் சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே வரும். வாங்கிய டப்பாவை வாஷிங் மெஷினுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ-ரிங் விஷயத்தில் மட்டும் உங்கள் ஊர் உங்களைக் கொஞ்சம் சிக்க வைக்கிறது. பி20க்கு நைட்ரைலைவிட வைட்டான் நல்லது. ஆனால் சாதாரண வைட்டான் மைனஸ் இருபது பக்கம் வந்தாலே மரக்கட்டையாகிவிடும். நைட்ரைல் அதைவிடக் கீழே வரை நெகிழ்ந்து கொடுக்கும். அசையாத இடத்தில், ஒருமுறை இறுக்கிவிட்டால் கட்டை ஆனாலும் வைட்டான் பெரும்பாலும் அடைத்துக்கொண்டு நிற்கும். பனியில் அதைக் கழற்றி மாட்டினால்தான் கசியும். டேங்க் மூடிக்கும் பம்புக்கு முன்னால் உள்ள இணைப்புகளுக்கும் தாழ்வெப்ப வைட்டான் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான். ஃபில்டர் தலையில் வரும் ஓ-ரிங்கை ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மாற்றப் போகிறீர்கள், அங்கே நைட்ரைலே போதும். இன்ஜினில் இன்னும் 2001-லேயே போட்ட ஓ-ரிங்குகள் எங்காவது இருந்தால் அதையும் இந்த வேலையோடு மாற்றிவிடுங்கள். 2006-ல் டீசலில் கந்தகத்தை 500 பிபிஎம்மிலிருந்து 15 பிபிஎம்முக்கு இறக்கியபோது, பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் சுருங்கிப் பல வண்டிகளில் கசிந்தது. உங்கள் வண்டி அதற்கு முந்தைய காலத்து வண்டி.

ஃபில்டர் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் பிரிக்கும் பெரிய துளை ஃபில்டர் பம்புக்கு முன்னால், நுண்ணிய 2-3 மைக்ரான் ஃபில்டர் பம்புக்கு அப்புறம். மாற்றி வைத்தால் உறிஞ்சும் பக்கம் மூச்சு முட்டும். இன்ஜினில் இருக்கும் பழைய ஃபில்டர் டப்பாவை எல்லோரும் தூக்கிப் போடச் சொல்வார்கள், ஓட்டத்தைத் தடுக்கிறது என்று. மினசோட்டாவில் போடாதீர்கள். அதற்குள் ஹீட்டர் இருக்கிறது, டீசலில் தண்ணீர் இருந்தால் சொல்லும் சென்சாரும் இருக்கிறது. ஜனவரியில் மெழுகு கட்டும்போது அந்த ஹீட்டருக்கு நன்றி சொல்வீர்கள். உங்கள் லிஃப்ட் பம்ப் காற்றைப் பிரிக்கும் வகை என்றால், அதிலிருந்து டேங்குக்குத் திரும்பும் லைன் முடிகிற இடம் ஸ்ட்ராவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்றைப் பிரித்து அனுப்புவதே அந்த லைன், அதே நுரையை மறுபடி உறிஞ்சக் கூடாது பாருங்கள்.

வயரையும் பொருளாகத்தான் பார்க்க வேண்டும். உப்பு ரோட்டில் சாதாரணத் தாமிர வயர் உறைக்குள்ளேயே பச்சையாகிவிடும். படகுக்கு விற்கும், தகரப் பூச்சு போட்ட வயர், பசை உள்ள ஹீட்-ஷ்ரிங்க் போடுங்கள். பழைய லிஃப்ட் பம்புக்கு வந்த வயரால் புதிய பம்பை நேராக ஓட்டாதீர்கள், அதை ரிலேவைத் தூண்ட மட்டும் வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர் இழுங்கள். அப்படிச் செய்தால் இன்ஜின் நின்றதும் கம்ப்யூட்டர் பம்பையும் நிறுத்திவிடும். சாவியில் நேராக மாட்டினால், விபத்தில் லைன் அறுந்தாலும் பம்பு பாட்டுக்கு டீசலைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

பிரஷர் கேஜ் இல்லாமல் இந்த வேலையை முடிக்காதீர்கள். டீசல் லைனையே கேபினுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் கேஜ் வேண்டாம், எலெக்ட்ரிக் சென்டர் (அழுத்தத்தை உணர்ந்து வயர் வழியாகக் கேஜுக்குச் சொல்லும் பாகம்) போடுங்கள். விபி44-இன் துடிப்பில் சென்டர்கள் சீக்கிரம் சாகும். அதனால் சென்டரை நேரே பம்பில் மாட்டாமல், கிரீஸ் கன்னுக்கு வரும் ஒரு அடி ஹோஸ் வழியாக மாட்டுங்கள், நடுவில் ஒரு ஊசி வால்வு வைத்து லேசாகத் திறந்துவிடுங்கள். முள் நிதானமாக நிற்கும்.

எல்லாம் மாட்டியபின் ஏர் எடுக்கும் வேலை. சாவியைப் போட்டுப் போட்டுப் பம்பை ஓடவிட்டு விபி44 வரை டீசல் வந்துவிட்டதா என்று பாருங்கள். ரிட்டர்னில் ஒரு சாண் கண்ணாடி மாதிரித் தெரியும் பிவிசி டியூபைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்; பார்த்ததும் எடுத்துவிடுங்கள், டீசலில் அது நாளடைவில் விறைத்து வெடிக்கும். விபி44-இலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் எஃகு லைன்கள் வேறு உலகம், அங்கே ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ. இன்ஜின் சுற்றும்போது அந்த நட்டுகளுக்குப் பக்கத்தில் கை வைக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வலிகூட முதலில் தெரியாது, விரலை எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் சின்னப் புள்ளிதானே என்று இருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஆகத் திருப்பிக் கொடுக்க வேண்டியது: தாமிரச் சுருள், ஜி.ஐ. நிப்பிள், எல்போ. வீட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது: டேப், கிளிப். ஹோஸின் மேல் இருக்கும் அச்சை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஆர்9 என்றால் ரிட்டர்ன் லைனுக்கு ஆகும். பம்பு என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அதன் வாசல் மரை என்பிடியா ஓ-ரிங்கா என்பதை டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னால் எந்த அடாப்டர் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எதையும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.